நெற்றியில் பேர் எழுதிய கேபின்

உப்பு மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று. அதன் கேபினுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். நெற்றியில் ‘செந்தூர் செல்வன்’ என்று மினுக்கும் எழுத்து, கதவுக்கு ஒரு மயில். கீழே பாரத்தையெல்லாம் தாங்கிய இரும்புச் சட்டமான சேஸை அது ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, சேஸ் துருப்பிடித்துப் போய்ப் பள்ளத்துக்குப் பள்ளம் முனகியது.

“மானம் போகுது! இந்தப் பெருசை மாத்தித் தொலைங்கப்பா” என்று கேபின் புலம்பியது.

பட்டறையில் மெக்கானிக் மரியசூசை சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சேஸிலிருந்து துரு பொலபொலவென்று உதிர்ந்தது. கேபினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேஸைக் காயலான் கடைக்கு ஏற்றினார்கள்.

“தம்பி, வண்டிக்கான நம்பரை என் மேலதான் அடிச்சிருக்காங்க. அதுவும் என்கூட வருது, பரவாயில்லையா?” என்றது சேஸ்.

“தாராளமா எடுத்துட்டுப் போ பெருசு! என் பேருதான் நெத்தியிலேயே இருக்கே.”

புது சேஸ் வந்தது. கேபினைத் தூக்கி அதன்மேல் பூட்டினார்கள். வண்டியைச் சோதிக்க அதிகாரி வந்தார். கேபின் கண்ணாடியைப் பளபளவென்று காட்டி விறைத்து நின்றது. அவரோ மயிலைக்கூடப் பார்க்காமல் நேரே குனிந்து, சேஸில் கிரீஸைத் துடைத்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரைப் பதிவெடுத்தார்.

“பழைய நம்பர் எங்கப்பா?”

“சேஸோட போயிடுச்சு சார்” என்றார் மரியசூசை.

“அப்ப அந்த வண்டியும் போயாச்சு. இது வேற.”

அப்போது கீழேயிருந்து புது சேஸ் மரியாதையாகக் கேட்டது:

“ஆமா, என் மேல ஏறி உட்கார்ந்திருக்கீங்களே, நீங்க யாரு?”