பூஜ்யம் வரும்வரை

வார்டில் இருக்கும் இதயத்துடிப்பு மானிட்டரிலிருந்து கம்ப்யூட்டர் ரூமுக்கு ஃபைல் அனுப்பும் சி மொழி புரோகிராமை எழுதியது நான்தான். எழுதி முடித்து மூச்சு விடுவதற்குள் ஆஸ்பத்திரியில் அடுத்த வேலையைத் தலையில் கட்டினார்கள். அதனால் கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் தானாக நின்றுவிடும்படி டைம்அவுட் வைக்கவில்லை. வார்டுப் பக்கம் இணைப்பை மூடினால் இங்கே பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்தால் ஃபைல் முடிந்தது என்று அர்த்தம். அதுவரை புரோகிராம் தேமே என்று காத்திருக்கும்.

மத்தியானம் அதே வார்டில் அக்கா போய்விட்டாள். நர்ஸ் அவள் நெஞ்சிலிருந்த ஒயர்களை எடுத்தார். மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மூலையில் வைத்தார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

புரோகிராமை நிறுத்தலாம் என்று கீழே கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தேன். அக்காவின் ஃபைல் வளர்ந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் துடிப்பு சீராக இருந்தது. வழியில் பஃபரில் தேங்கி மிச்சமிருந்தது வருகிறது என்று கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு நெட்வொர்க் கேபிளைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அப்போதும் துடிப்பு வந்தது.

அத்தான் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“வா மாப்ளே. எல்லாம் முடிஞ்சு போச்சு. வண்டி வந்து நிக்குது. அதை அணைச்சுட்டு வா.”

பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

“உக்காருங்க அத்தான். முடிஞ்சுதுன்னு அந்தப் பக்கத்துலேருந்துதான் சொல்லணும். நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்.”

அவர் உட்கார்ந்தார். திரையில் துடிப்பு கொஞ்சம் வேகமெடுத்தது.