வடக்கிருந்தவர்

தமிழ் மன்ற நாடகத்தில் ராஜா வேஷம் கைவிட்டுப் போன அவமானத்தில், சங்க கால மன்னர்களைப் போல் வடக்கிருந்து உயிரை விடுவதென்று பூந்தமல்லி கஜபதி முடிவெடுத்தார். வாசலில் வடக்கு பார்த்து உட்கார்ந்தவர், பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் அடுத்த வீட்டு அமீர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீயாச்சும் காப்பி குடி அண்ணே," என்றாள் கஜபதியின் மனைவி பத்மா.

"வாணாம்மா. நானும் காலைலேர்ந்து ஒண்ணும் தொடல."

கஜபதி அமீரின் கையைப் பற்றிக்கொண்டார். அரசனோடு சேர்ந்து உயிர்விட வரும் அந்தக் காலத்து நட்பு, இதோ லுங்கி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

"எனக்காவ நீயும் சாவத் துணிஞ்சிட்டியே, அமீரு!"

அமீர் திருதிருவென்று விழித்தார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சட்டைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சாவறதா? இன்னிக்கு மொத நோன்பு அண்ணாத்தே. பொழுது போவலன்னு வந்தேன். ஊட்ல கஞ்சி ரெடியா கீது, வர்றியா?"

அமீரின் வீடு இருந்தது தெற்கே. மன்னர் மெள்ளத் திரும்பினார்.