நீலச் சட்டைக்காரரின் குரல்

"சார், நீங்களாவது வீடியோவுல ஒண்ணும் இல்லைன்னு இவ முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. சொன்னா இந்த வீடியோவை அழிச்சிடறேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கா" என்றார் அண்ணன், வீடியோ எடிட்டரிடம்.

தங்கை பென்டிரைவை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். எடிட்டர் கை நீட்டிய பிறகும் அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வீடியோவுல என்னம்மா பிரச்சினை?"

"என் வீட்டுக்காரர் பேசுறது கேக்க மாட்டேங்குது சார். என்ன சொல்றார்னு தெரிஞ்சா போதும்."

"ஆரம்பிச்சிட்டா!" அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை போன பிறகு இவளுக்கு இந்த வீடியோதான் கதி. சோறு தண்ணி கிடையாது, குழந்தையைக்கூடக் கவனிக்கிறதில்ல. ஏறாத கடை இல்ல சார். எல்லாரும் கையை விரிச்சிட்டாங்க."

மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்றால் எடிட்டருக்கு உற்சாகம் வந்துவிடும். தொழிலில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஜெனரேட்டர் இரைச்சலில் மூழ்கிப்போன மேடைப் பேச்சுகளையெல்லாம் தோண்டி எடுத்தவர்.

வெளியே விடாமல் ஹாரன் அலறியது. "வழியில வண்டியை விட்டது யாருய்யா?" என்று யாரோ கத்தினார்கள்.

"என் வண்டிதான். நீங்க பாத்துட்டு சொல்லிடுங்க சார்" என்று அண்ணன் ஓடினார்.

எடிட்டர் அவளிடமிருந்து பென்டிரைவை வாங்கிச் செருகி வீடியோவை ஓடவிட்டார். பிறந்தநாள் கூட்டம். மேசைமேல் கேக். அதற்குப் பின்னால் நடு நாற்காலியில், மேல் பொத்தான் போடாத நீலச் சட்டைக்காரர் ஒருவர். பக்கத்தில் காகிதத் தொப்பியோடு ஒரு சின்னப் பெண். சுற்றி நின்றவர்கள் பாடினார்கள், கை தட்டினார்கள். எல்லாம் கேட்டது. நீலச் சட்டைக்காரரின் உதடுகளும் அசைந்தன. அவரிடமிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

"நடுவுல உக்காந்திருக்காரே, அவர்தானே உங்க வீட்டுக்காரர்?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அவர் சட்டை... சட்டை என்ன கலர் சார்?"

சத்தத்துக்கு வழி கேட்டு வந்தவள் நிறத்தைப் பற்றி விசாரிக்கிறாளே என்று எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. "நீலம். கலர்ல எல்லாம் கோளாறு இல்லம்மா."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம், போனவரைத் திரையில் பார்த்தால் அழுகை வராதா என்று அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்.

மியூட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தார். வால்யூமை உச்சிக்கு ஏற்றினார். ஹெட்போனைக் கழற்றி மாட்டினார். பாட்டுச் சத்தம் காதைக் கிழித்ததுதான் மிச்சம். மறுபடி ஓட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது.

"இங்க பாருங்கம்மா. நீங்க மெழுகுவர்த்தி ஏத்த தீக்குச்சி உரசுறீங்க. அந்தச் சத்தமும் இல்ல. நடுவுல நடக்கிற எதுவுமே கேக்கல. ரெண்டு மைக் வெச்சு எடுத்தீங்களா?"

"ஆமா சார். அண்ணன்தான் ரெண்டுக்கும் ஒயர் ஒட்டினார்."

"ஒண்ணுல மாத்தி ஒட்டிட்டார். நேர் நடுவுலேருந்து வர்ற சத்தம் ரெண்டு மைக்லயும் நேர் எதிரா விழுந்து ஒண்ணை ஒண்ணு அழிச்சுடுது. ஓரமா நிக்கிறவங்க குரல் தப்பிச்சுடுது. ஒரு மைக்கோட சத்தத்தை மட்டும் தலைகீழாத் திருப்பிப் போட்டா சரியாயிடும்."

"அப்போ அவர் பேசுறது கேக்குமா?" அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காம எங்க போயிடும்?"

எடிட்டர் மவுஸைத் தட்டினார். 'சரக்' என்று தீக்குச்சி உரசியது. நீலச் சட்டைக்காரர் முன்னால் சாய்ந்தார், நாற்காலி கிறீச்சிட்டது. மகளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அது மட்டும் கேட்கவில்லை.

எடிட்டர் பின்னால் இழுத்து மறுபடி கேட்டார். நாற்காலி முனகுவது கேட்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்கவில்லை. இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"குரல் வரலம்மா. ஆனா உதட்டைப் பாத்தே வார்த்தையைப் பிடிக்கிறது எங்களுக்குப் பழக்கம்." அந்த இடத்தை மெதுவாக ஓட்டினார். "'முடியை ஒதுக்கிக்கோ பாப்பா, நெருப்பு பட்டுடும்'னு சொல்றார்."

திரையில் சின்னப் பெண் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதினாள்.

அண்ணன் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "என்ன சார், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்களா?"

"குரல் இல்லைதான் சார். ஆனா படத்துல அவர் இவ்வளவு தெளிவா இருக்கும்போது எதுக்கு அழிக்கணும்? பேசுறதை அடியில எழுத்தாப் போட்டுத் தர்றேன்."

அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு எடிட்டரைப் பார்த்தார். வண்டிச் சாவி கை நழுவிக் கீழே விழுந்தது.

"இது மாப்பிள்ளை போன அப்புறம் வந்த பிறந்தநாள் சார். நடுவுல ஒரு நாற்காலி போட்டே ஆகணும்னு இவ அடம் பிடிச்சா. அன்னிக்கும் அது காலிதான்... இப்பவும் காலியாத்தானே சார் இருக்கு?"

தங்கை பென்டிரைவை உருவி மறுபடி கைக்குள் பொத்திக்கொண்டாள். "என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியிறார்னு சொன்னியேண்ணா, இவருக்கும் தெரியிறார்! இனிமே அழிக்க வேண்டாம்ல?"