பல் வைத்த மேகம்

"இதுல ஒருத்தருக்காவது பல் இருக்கா, நீயே சொல்லு," என்றார் பல் டாக்டர்.

சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த மகள் ரிமோட்டில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். தொலைக்காட்சியில் தலையணை மாதிரி நான்கு உயிர்கள் ஓர் ஊருக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் கழுத்து கிடையாது. வாயைத் திறந்தால் பல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரே ஒரு பட்டை.

அந்தப் பட்டையைப் பார்த்தாலே அவருக்குக் கை பரபரக்கும்.

அவர் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனில் ஓநாய் சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். அதில் ஒன்று சொத்தைகூட. அந்த ஓநாயைப் பார்த்துத்தான் அவர் பல் படிப்புக்கே போனார் என்பது உண்மையில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தார்.

போன வாரம் அந்த ஓநாயைத் தேடிப் பிடித்து மகளுக்குப் போட்டுக் காட்டினார். ஓநாய் வாத்தைத் துரத்தியது. கூரையிலிருந்து விழுந்தது. தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடியும் துரத்தியது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மகள் விருந்தாளி மாதிரி கடைசிவரைக்கும் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"பாவம்ப்பா. அதுக்கு வேற வேலையே இல்லையா?"

அவள் இந்த வீட்டுக்குக் கிட்டத்தட்ட விருந்தாளிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவள். காலையில் ஒரு கார் கீழே இறக்கிவிட்டுப் போகும். சாயங்காலம் அதே கார் வந்து ஹார்ன் அடிக்கும். 'எட்டு வயசாச்சு, இனிமே வர்றதும் வராததும் அவ இஷ்டம்' என்று அவளுடைய அம்மா போனில் சொல்லிவிட்டாள். மகள் தன் முடிவை இன்றைக்குச் சொல்வதாக ஏற்பாடு.

அதனால் பல் டாக்டர் இன்று ஓநாயை வெளியே எடுக்கவில்லை. கொள்கைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவளுக்குப் பிடித்த தலையணைத் தொடரை முதல்முறையாக முழுசாகப் பார்ப்பது என்று உட்கார்ந்துவிட்டார். வாயைத்தான் கட்ட முடியவில்லை.

வெளியே மழைக்கு முந்திய வெளிச்சம். திரைச்சீலை மூச்சுவிடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது.

தொடரில் யாரும் யாரையும் துரத்தவில்லை. ஊரே தூங்குகிறது. தலையணைகள் ஜன்னல் ஜன்னலாகப் போய் எல்லாருடைய கனவுகளையும் பொறுக்கிவந்து, அலசிப் பிழிந்து, கொடியில் காயப்போடுகின்றன. கதை அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்க வாயெடுத்தார். அது பாதியில் கொட்டாவியாகிவிட்டது.

திரையின் நீலம் சுவரில் ஏறி, கூரையில் நகர்ந்து, அவர் சட்டைப்பைக்குள் இறங்கியது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. விரலால் துழாவிப் பார்த்தார். இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே.

அப்போதுதான் அந்த மேகம் வந்தது.

குண்டு மேகம். தன்னந்தனியாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. 'ஞாயித்துக்கிழமை! ஞாயித்துக்கிழமை!' என்று தலையணைகள் குதித்தன. மேகம் வந்ததும் வராததுமாக ஒரு தலையணையை ஆவென்று வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு ரொட்டியின் ஓரங்களை வெட்டியெடுத்து, மெத்தென்ற நடுப்பகுதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஓரங்களைத் தான் தின்றது.

பல் டாக்டர் தன் மடியில் இருந்த தட்டைப் பார்த்தார். ரொட்டி ஓரங்கள்.

மேகம் சிரித்தது. அதற்குப் பல் இருந்தது. தனித்தனியாக, ஒழுங்காக, மேல்வரிசையில் ஒன்று மட்டும் லேசாகச் சாய்ந்து. அவருடைய நாக்கு அவரைக் கேட்காமலே போய்த் தன் சாய்ந்த பல்லைத் தொட்டுப் பார்த்தது.

"இது… இந்த மேகம்…"

"நான்தான் சொன்னேன்," என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பல்லை ஒண்ணொண்ணா போடுங்க, இல்லேன்னா அப்பா திட்டுவாருன்னு. அங்கிள் பாவம், அழிச்சு அழிச்சு வரைஞ்சாரு."

அங்கிள் என்பது அவள் அம்மாவின் இப்போதைய கணவர். கீழே காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர். இந்தத் தொடரை வரைகிறவரும் அவர்தான். அது பல் டாக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். உலகத்தில் கார்ட்டூன்களின் தரம் விழத் தொடங்கியதே, அவருடைய கணிப்புப்படி, அந்த இருவருடைய கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்துதான்.

கீழே ஹார்ன் அடித்தது.

மகள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இனிமேல் வருவாளா என்று கேட்க, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் எழுந்தார்.

அவளே முந்திக்கொண்டாள்.

"அப்பா, மத்த நாள்லல்லாம் அந்த மேகம் எங்க போகும், என்ன பண்ணும்? அங்கிளுக்குத் தெரியலையாம். எனக்கும் தெரியல. யோசிச்சு வை, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கறேன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "சும்மா எதையாவது சொல்லிடாதே. கதை நல்லா இருக்கணும்."

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

பல் டாக்டர் யோசித்தார். திங்கட்கிழமை பல் பிடுங்குகிறார், வீட்டுக்கு வருகிறார், தூங்குகிறார். செவ்வாயும் அதேதான்.

புதன்கிழமைக்கு வந்ததும், மேகம் வெளியே போகட்டும் என்று, எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்தார்.