ரெண்டு வாரம் தள்ளிவை

ஆசிரியர் சங்கச் செயலாளர் ஃபஹீம் கல்வி அதிகாரியின் அறைக்குள் நுழைந்தபோது, வெளியே ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளைகளுக்கு வெயில் தாங்காது சார். பள்ளி திறப்பை ரெண்டு வாரம் தள்ளி வைக்கணும். இல்லேன்னா போராட்டந்தான்!"

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். "சரி, தள்ளிடலாம்."

ஃபஹீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட விலையை அப்படியே தருகிறவன் நம்மைக் கவிழ்க்கிறான் என்பது குளச்சலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"சார்... மழையில்லா பெய்யுது?"

"பெய்யட்டுமே. பாடப்புத்தகம் இன்னும் வந்து சேரலை. பழியை யார் தலையில போடலாம்னு முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்க வந்தீங்க!"

வாசலில் காதை வைத்திருந்த சங்க உறுப்பினர் தங்கையன் சார் மாலையோடு பாய்ந்து வந்தார். "செக்ரட்டரி, நீரு புலியாக்கும்!"

புலி மாலையும் கழுத்துமாக ஒதுங்கி, மனைவிக்குப் போன் போட்டது.

"நிஸ்ரின், சங்கத்துக்காரங்க வாயை அடைக்கணுமேன்னு நடக்காத காரியமாப் பாத்துக் கேட்டேன். முடியாதுன்னு விரட்டுவாரு, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஓடிரலாம்னு இருந்தேன். மனுசன் சம்மதிச்சுட்டாரு! லீவு பூரா உங்க வாப்பா கடையில கருவாடு எடை போட்டது போதாதா எனக்கு?"

மறுமுனையில் நிஸ்ரின் உள்பக்கம் திரும்பிக் கூவினாள்:

"வாப்பா, உங்களுக்கும் ரெண்டு வாரம் லீவு!"