நூற்றுக்கு எத்தனை?

ஒரு பெண்ணின் புத்திக்கு மரபணு டாக்டரம்மா சொன்ன விலை, நூற்றுக்குப் பத்து.

"பத்தா? ரொம்ப அநியாயம்மா!" பாத்திரக்கடைக்காரர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. விஷயம் கல்யாணப் பேச்சு. பெண் தங்கமாம், ஆனால் பெண்ணின் அப்பனுக்கு மனச்சிதைவு நோயாம். டாக்டர் எழுதித் தரும் எண்ணை வைத்துத்தான் கல்யாணமா, கலைந்ததா என்று முடிவாம். மருமகளை எடை போட வந்த மாமனார்களை டாக்டரம்மா நிறையப் பார்த்தாயிற்று.

"இதென்ன கத்தரிக்காய் வியாபாரமா? பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, நூறு பிள்ளைங்கள்ல பத்துக்கு வரலாம். யாருக்குமே இல்லாத வீட்லயும் ஒண்ணு உண்டு."

கடைக்காரர் பெண்ணின் பரிசோதனைத் தாளை நீட்டினார். "டோபமைன் ஜீன்ல ஏதோ மாறியிருக்காமே. அதுக்குத் தனியா ஏத்துவீங்களா?"

"அந்த மாற்றம் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. எனக்கே இருக்கலாம். நூத்துக்கணக்கான ஜீன் கூட்டுச் சேரணும், வாழ்க்கையும் போட்டு இடிக்கணும். இது ஒண்ணு மட்டும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப அதைத் தள்ளுபடி பண்ணிடுங்க."

கைப்பேசியில் அலாரம் அடித்தது. கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலேயே பேரத்தைப் பிடித்தார். "பொண்ணுக்கு வயசு முப்பத்தஞ்சு. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? பெரும்பாலும் இருபதுகள்லயே வந்துடும். இப்பக் கணக்குப் போட்டா அஞ்சுக்குள்ளதான்."

"அஞ்சுன்னே எழுதுங்க. ரொம்ப மலிவாச் சொன்னாலும் வாங்கறவங்களுக்குச் சந்தேகம் வரும்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். "உங்க பையனுக்குப் பிடிச்சிருந்தா கட்டி வைங்க, இல்லேன்னா விடுங்க. அந்த மனுஷனோட வியாதியைத் தராசுல வைக்காதீங்க. அவர் இங்க உட்கார்ந்திருந்தா, இப்படிப் பேரம் பேசுவீங்களா?"

கடைக்காரர் பேனா மூடியை மெல்லக் கழற்றி, பேனாவை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

"இவ்வளவு நேரமும் பேசினது அவர்தாம்மா. அஞ்சு என் பேர்ல எழுதுங்க. தொண்ணூத்தஞ்சு என் பொண்ணு பேர்ல."