அப்பா கூப்பிட்ட பெயர்

"அம்மா, இத்தாலியிலேர்ந்து பதில் வந்துடுச்சு. ஜெனோவாவில அப்படி ஒரு பேரே கிடையாதாம்" என்றான் ரமிரோ.

இர்மா மாத்தே தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "வேற தேவாலயத்துப் பிறப்புப் பதிவேட்டுல தேடச் சொல்லி எழுது."

"துறைமுகம் பூரா எழுதியாச்சு. நீ சொல்ற தாத்தாவோட தம்பி என்ன, கடல்லயா முளைச்சாரு?"

"வாயை மூடுடா. அப்பா சாகறப்போ கூப்பிட்டது அவரை மட்டும்தான். அவர் வீட்டு ஆளுங்ககிட்ட அதை நான் சொல்லியாகணும்."

இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் நிறைந்த லா போகா துறைமுகப் பேட்டையில் அப்பாவை எல்லோரும் 'ஜெனோவாக்காரர்' என்றுதான் அழைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களை மட்டுமே வேலைக்குச் சேர்த்த கப்பல் பட்டறையில் ஆயுள் முழுக்க உழைத்தவர். பிறந்த ஊரைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை.

ரமிரோ கட்டிக்கொள்ளப்போகிற யாமிலா, வடக்கே கொரியெந்தெஸிலிருந்து வந்திருந்தாள். "என்னன்னு கூப்பிட்டார், அத்தை?"

"நாம 'சே'ன்னு ஆளைக் கூப்பிடுவோமே, அப்படித்தான். 'சே, யுஹேய்... சே, யுஹேய்'னு கடைசி நாள் பூரா."

யாமிலா அந்தச் சொற்களை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது யார் பேரும் இல்ல, அத்தை. எங்க ஊர் குவாரனி பாஷை. தாத்தா எங்க பக்கத்து ஆளு. பட்டறை வேலைக்காக ஜெனோவான்னு சொல்லியிருப்பார்."

"அப்போ 'சே'?"

"'எனக்கு'ன்னு அர்த்தம்."

"யுஹேய்?"

"தாகம்."

அந்தக் கடைசி நாள் முழுக்க இர்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைக் கண்டுபிடிச்சுடறேன்ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.